மெலிசு டயரும் சிதறு தேங்காயும்

அந்தப் பையச் சித்த நகத்தி வெச்சுட்டுத் தாராளமா ஒக்காருங்க. கனமா இருக்குதுங்களா? உள்ள முழுத் தேங்காய் ஒண்ணு கெடக்குது. எங்கூட்டுக்காரரு கடைசிக் கோட்டைத் தாண்டுனதும் ஒடைக்கறதுக்கு. சாமிக்கு நேந்தாச்சு, பொறவு ஒடைக்காம இருக்க முடியுங்களா.

உங்க வீட்டுக்காரரும் போட்டியில இருக்காருங்களா? அப்படியா, சைக்கிள் முடிச்சு ஓட ஆரம்பிச்சுட்டாரா? குடுத்து வெச்சவங்க நீங்க. எந்த ஊருங்க? மதுரையா? டீச்சருங்களா? பாத்தாலே தெரியுது, குடையக்கூட நேரா மடிச்சு வெச்சிருக்கறீங்க. நாங்க கோயமுத்தூருங்க. என் பேரு பூங்கொடி. எனக்கு இந்தப் போட்டியப் பத்தியெல்லாம் ஒண்ணுந் தெரியாதுங்க டீச்சர். சும்மா தொணைக்கு வந்தேன். விடியறப்ப ஆறு மணிக்குக் கடல்ல எறங்கி ரெண்டு கிலோமீட்டர் நீச்சலு, ஈரம் காயறதுக்குள்ள தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிளு, அதுக்கு மேல இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். நடுவுல ஒரு வாய் சோறு கெடையாது. நல்ல புத்தி இருக்கறவங்க செய்யற வேலையா இது?

மணி என்னங்க இப்ப? பத்தேமுக்காலா. பதினொண்ணரைக்குள்ள சைக்கிளு உள்ள வந்தாகோணும். அதா பாருங்க, அந்த நீலத் தொப்பிக்காரரு கத்திரிக்கோல வெச்சுட்டு நிக்கறாரு. பதினொண்ணரைக்கு மேல ஒரு நிமிசம் ஆனாலும் அவருதான் குறுக்க வந்து நிறுத்துவாரு. கணுக்கால்ல நேரங் கணக்குப் பண்ற சிப்பு வெச்ச பட்டை ஒண்ணு கட்டியிருப்பாங்கல்ல, அத நறுக்குனு வெட்டிப்போடுவாரு. அவ்வளவுதான், ஆட்டம் முடிஞ்சுது.

போன வருசம் எங்கூட்டுக்காரருக்கு அப்படித்தானுங்க வெட்டுனாங்க. ரெண்டே நிமிசம் லேட்டு. வழியில ரெண்டு பஞ்சர். அவரு ஒண்ணும் சண்டை போடலீங்க. ஆஸ்பத்திரியில கட்டுப் பிரிக்கறப்ப காட்டற மாதிரி காலை நீட்டிக் காமிச்சாரு. நா இக்கட்ட கம்பிக்கு வெளிய நின்னு பாத்துட்டு இருந்தேன். ஊட்டுக்குப் போயி சைக்கிள் மேல பழைய பெட்ஷீட்டப் போத்தி மூலையில சாத்தினவரு, பதினோரு நாள் வாயத் தெறக்கலீங்க. தொணதொணன்னு பேசற மனுசன். பேசுனா எப்படா நிறுத்துவாருன்னு இருக்கும், பேசாம இருந்தா ஊடு ஊடாவே இல்லீங்க. பன்னண்டாம் நாளு சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு சொன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. மறுக்க அந்தப் பதினோரு நாளு வரக்கூடாது, அவ்வளவுதான் நா வேண்டறது. மத்தபடி இவரு ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன.

நாச்சிமுத்துன்னு பேருங்க. சைக்கிள் குரூப்புல எழுவது பேரு, எல்லாரும் நாச் சாருன்னு கூப்புடுவாங்க. கேட்டா எனக்கே சிரிப்பா வரும். பம்பு கம்பெனியில குவாலிட்டி கன்ட்ரோல் மேனேஜரு, வெனையே அதுதானுங்க. எதையும் அளக்காம உடமாட்டாரு. இட்லி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா வந்தாத் தட்டப் பாத்துட்டே இருப்பாரு, ஒண்ணுஞ் சொல்லமாட்டாரு. அந்தப் பார்வைக்கு ரெண்டு அறை வாங்கிக்கலாம்.

இந்தத் தடவை டயரு. மூணு மாசமா எங்கூட்டுல டயரத் தவிர வேற பேச்சே இல்லீங்க. பஞ்சர்லதான போன வருசம் போச்சு, அப்ப தடியா ஒரு டயரு வாங்கி மாட்டுங்கன்னு நா சொன்னேன். சின்னக் கொழந்தை கூட அதத்தான் சொல்லும். இல்லையாமா. பஞ்சரே ஆனாலும் மிச்சம் நேரம் இருக்கற அளவுக்கு வேகமாப் போகோணுமாமா. அதனால உள்ளதுலயே மெலிசான டயருதான் வேணுமாமா. கம்பெனியில நூலளவு பாக்கற வெர்னியர வெச்சு அளந்து அளந்து, எனக்கே கடைசியில டயரோட அகலம் கனவுல வருது. அதோட உட்டாரா? எடை போடோணும்னாரு. எங்கூட்டுத் தராசு சரியில்லையாமா. என்னைய வண்டியில ஏத்திட்டு நகைக் கடைக்குப் போனாருங்க. ஏதோ நல்ல புத்தி வந்துருச்சு, நம்ம கல்யாண நாளு வேற பக்கத்துல வருதேன்னு நா பட்டுச்சேலையே கட்டிட்டுப் போனேன். கடைக்காரரு ஜூஸெல்லாம் குடுத்து ஒக்கார வெச்சாரு. இவரு பையில இருந்து ரெண்டு டயர எடுத்து மேசை மேல வெச்சு, சித்த எடை போட்டுக் குடுங்கங்கறாரு. என் தாலிக்கொடி வாங்குனப்பக் கூட இவரு தராச எட்டிப் பாக்கலீங்க. டயருக்கு ரெண்டு தடவை போடச் சொன்னாரு.

அப்பறம் குரூப்புல எழுவது பேருக்கும் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாரு. மெலிசு டயரு போட்டா தொண்ணூறு கிலோமீட்டர்ல மூணு நிமிசம் நாப்பது செகண்டு மிச்சமாமா. தடி டயரு போடறவன் பயந்தாங்கொள்ளின்னு வேற சொல்லிப்போட்டாரு. அத எவனோ வீடியோ புடிச்சு ஊரெல்லாம் அனுப்பிட்டான். இந்த மூணு நிமிசம் நாப்பது செகண்டுக்காரரு காத்தால பாத்ரூமுக்குப் போனா முக்கா மணி நேரம் வரமாட்டாரு. அங்க மிச்சம் புடிச்சா ஒலகத்தையே சுத்தி வந்துரலாம்.

கால்ல முடியையும் மழிச்சுப்போட்டாருங்க. காத்து தடுக்குதாமா. அம்பத்தொரு வயசு மனுசன் பாத்ரூம்ல இருந்து கோழி உரிச்சாப்பல வெளிய வர்றாரு. கடைசி ஒரு வாரம் காலுக்கு ஓய்வு குடுக்கோணும்னு ஒரு கொடம் தண்ணி எடுத்துக் குடுக்கலை, கேஸ் சிலிண்டரு மாத்தலை. கெளம்பறதுக்கு முந்தி மூணு நாளு முப்பொழுதும் சோறு, தெம்பு சேக்கறாராமா. வடிச்சுக் கொட்டறவளுக்கு ஓய்வுன்னு எந்தப் புஸ்தகத்துலயும் போடலையாட்ட இருக்குது.

இருங்க, யாரோ வர்றாங்க... இல்லை, செவப்புச் சட்டை. நம்மாளு மஞ்சளு. பாவம், அந்தப் பையன் சைக்கிளத் தோள்ல தூக்கிட்டு வர்றான் பாருங்க. சீமைக்கருவேல முள்ளாத்தான் இருக்கும். சைக்கிளு போற அந்த உப்பளத்து ரோடு பூராவும் ரெண்டு பக்கமும் அதானுங்க. வெள்ளிக்கிழமை கார்ல கூட்டிட்டுப் போயிக் காமிச்சாரு. நடுவுல எறங்கி ரோட்ல கெடந்த முள்ளு ஒண்ண எடுத்தாரு. வெர்னியரக் கையிலயே வெச்சிருந்தாரு, அளந்தாரு. என்ன அளவு வந்துச்சோ தெரியலை, ஒண்ணும் சொல்லாம வந்து கார்ல ஒக்காந்தாரு. நாங்க தங்கியிருக்கற லாட்ஜு வர்ற வரைக்கும் பேச்சே இல்லை. ஆகா, பதினோரு நாளு இப்பவே ஆரம்பிச்சுருச்சா? அப்பத்தான் முடிவு பண்ணேன், புதுச் சைக்கிள் டயருக்குப் பூசை போடாம வந்தது தப்பு.

நேத்துக் காத்தால லாட்ஜுக்குப் பக்கத்துல இருக்கற புள்ளையார் கோயிலுக்குச் சைக்கிளோட இழுத்துட்டுப் போனேன். அவரு, அதெல்லாம் எதுக்கு புள்ளன்னாரு. காருக்குப் போட்டோம், மொபெட்டுக்குப் போட்டோம், உங்க சைக்கிளு மட்டும் என்ன ஆகாசத்துல இருந்து குதிச்சுதான்னு கேட்டேன். சந்தனம், குங்குமம், ஹேண்டில்ல ஒரு மொழம் மல்லி. ரெண்டு டயருக்குக் கீழயும் எலுமிச்சம்பழம் வெச்சு, உருட்டுங்கன்னேன். உருட்டுனாரு. பழம் நசுங்கவே இல்லீங்க டீச்சர்! அத்தனை மெலிசு. வழுக்கி அக்கட்ட ஓடி சாக்கடையில உழுந்துருச்சு. எனக்கு மனசே சரியில்லை. எலுமிச்சம்பழம் நசுங்காத பூசை ஒரு பூசையா? அந்த வேகத்துல சிதறு தேங்காயை எடுத்துச் சைக்கிளுக்கு முன்னால ஓங்கிப் போட்டேம் பாருங்க, சில்லுச் சில்லாப் போயிருச்சு. இப்ப உருட்டுங்கன்னேன். அவரும் கண்ண மூடிக் கும்புட்டுட்டு அது மேலயே உருட்டிட்டுப் போனாரு.

லாட்ஜு வாசலுக்கு வந்தா, பின்னாடி வீலுகிட்ட குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாருங்க. நிமிந்து என்னையப் பாத்தாரு. ஏதோ சொல்ல வந்தாப்பல இருந்துச்சு. பொறவு, "பூங்கொடி, போட்டிக்காரங்களுக்கு மீட்டிங்கு இருக்குது, ரெண்டு மணி நேரம் ஆகும். முழுசா ரெண்டு மணி நேரம்"னு ரெண்டு தடவை சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. அத்தனை பெரிய குவாலிட்டி கன்ட்ரோலு, அன்னைக்குப் பாத்து கார் டிக்கியப் பூட்ட மறந்துட்டாருங்க. டயரு நெம்பற பட்டைய வேற சைக்கிள் சீட்டு மேலயே போட்டுட்டுப் போயிட்டாரு. போட்டிக்கு மொத நாளு பதட்டம், என்ன பண்ணுவாரு பாவம்.

சந்தனம் காஞ்சு போச்சேன்னு நா வீலத் தொடைச்சேன். கையில நறுக்குனு குத்துச்சு. பாத்தா, பின்னாடி டயரோட பக்கத்துல என்னோட தேங்காய் ஓடு ஒரு சில்லு, நகத்தளவு, உள்ள ஏறி நிக்குது! மெதுவாப் புடுங்கினேன். புஸ்ஸுனு காத்து போச்சு பாருங்க, எனக்கு உசுரே போச்சு. டயருல அரை விரல் நீளத்துக்குக் கிழிசலு. நகைக் கடையில எடை போட்ட டயருங்க. அவரு வந்தா என்ன சொல்றது? சாமி கும்புடறேன்னு கூட்டிட்டுப் போயி நானே பஞ்சர் பண்ணிப்போட்டேன்னா?

கடையில போயி வாங்கலாம்னா அது நம்மூருங்களா? திருதிருன்னு முழிச்சுட்டு டிக்கியத் தொறந்தேன். பெட்ஷீட்டுக்கு அடியில அவரோட பழைய டயரு ரெண்டும் இருக்குது! ஊட்டி மலை ஏறறதுக்கு வெச்சிருந்த தடி டயரு. அந்தப் புள்ளையாருதான் கொண்டாந்து வெச்சிருக்கோணும். இல்லாட்டி, பழைய சாமானெல்லாம் எடுத்துப் போடுங்கன்னு நா ரெண்டு மாசமாக் கத்திட்டு இருந்தேன், காயலாங்கடைக்குப் போடலாம்னு எடுத்து வெச்சு மறந்திருப்பாரு. கழுவித் தொடைச்சு, பவுடரு பூசி, என்னோட பழைய சேலைத் துணியில சுத்தி வெச்சிருந்தாரு. காயலாங்கடைக்குப் போறதுக்கு எதுக்குப் பவுடருன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா அவரு குப்பையக்கூட அழகாத்தான் கொட்டுவாரு.

எதுக்குங்க சிரிக்கறீங்க டீச்சர்? நம்ப முடியலையா? நெசந்தானுங்க.

எனக்கு டயரு மாத்தத் தெரியுமான்னு கேக்கறீங்களா? எங்கீங்க தெரியும். அவரு வெள்ளிக்கிழமை தவறாம ஹால்ல ஒக்காந்து பஞ்சர் போட்டுப் பழகுவாரு, நா வாச்சப் புடிச்சுட்டு நேரம் பாக்கோணும். மூணு வருசமாப் பாத்துட்டே இருந்தா மாடு கன்னுகூடக் கத்துக்கும். ஓட்டையான ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுட்டேன், அந்தத் தடி டயருதான் ஏறவே மாட்டேங்குதுங்க. ஷாம்பூ பாக்கெட்டு ஒண்ண ஒடைச்சு ஓரத்துல தடவுனேன், வழுக்கிட்டு உள்ள போயிருச்சு. இந்தா பாருங்க, கட்டை வெரலு நகம் பாதி பேந்து போச்சு. பின்னாடி மட்டும் மாத்துனா ஒரு கால்ல செருப்பு ஒரு கால்ல பூட்ஸு போட்டாப்பல இருக்குமேன்னு முன்னாடியும் மாத்திப்போட்டேன். காத்து எழுவத்தஞ்சு வெச்சேன். எம்பது போட்டா அந்த உப்பளத்து ரோட்ல கையெல்லாம் நடுங்கும், எழுவத்தஞ்சு போதும் அவரு எடைக்கு. அதெல்லாம் எனக்கென்ன தெரியும், ஒரு குத்துமதிப்புதான்.

சரியா ரெண்டு மணி நேரத்துல வந்தாருங்க. வீல ஒரு சுத்துச் சுத்திப் பாத்தாரு. "ம்"னாரு. அவ்வளவுதான்! தள்ளிட்டுப் போயி சைக்கிள் நிறுத்தற எடத்துல கொக்கியில மாட்டிட்டு வந்துட்டாரு. மூணு மாசமா வெர்னியர் வெச்சு அளந்த மனுசனுக்குத் தன்னோட டயரு மாறுனது தெரியலீங்க பாருங்க. இந்த லட்சணத்துல இவரு பாஸ் பண்ண பம்பெல்லாம் எத்தனை கெணத்துல கெடக்குதோ. வர்றப்ப என் வெரலுக்குப் பிளாஸ்திரி ஒண்ணு வாங்கிட்டு வந்து ஒட்டி உட்டாரு. என்ன ஆச்சு ஏதாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. ஆம்பளைகளுக்கு எங்கீங்க அக்கறை.

மறுக்க சிரிக்கறீங்க! வாயப் பொத்திட்டுச் சிரிச்சா எனக்குத் தெரியாதுங்களா?

மணி என்ன? பதினொண்ணு பத்தா! இந்தப் போன்ல பாருங்க, அவரு எங்க வர்றாருன்னு காட்டற புள்ளி அறுவத்தெட்டாவது கிலோமீட்டர்லயே அரை மணி நேரமா நிக்குது. சிக்னலு இல்லையா, அவரே நிக்கறாரான்னு தெரியலை. தடி டயருங்க. மூணு நிமிசம் நாப்பது செகண்டு போயிருமே. போன தடவை ரெண்டு நிமிசத்துலதான் போச்சு. அந்த நேரம் பத்தாமப் போயி மறுக்க அந்தக் கத்திரிக்கோலு வந்துச்சுன்னா, நாந்தானுங்க அவரு காலை வெட்டுனது. அவருகிட்ட எப்பிடிச் சொல்லுவேன்? சொல்லாம இருந்தாலும் எனக்குத் தெரியுமே. இந்தத் தடவை பதினோரு நாளு வாயத் தெறக்காம இருக்கப்போறது நாந்தான்.

உங்க வீட்டுக்காரருக்குப் பஞ்சர் ஆகலீங்களா? ஒண்ணு ஆச்சா. பாவம். என்ன டயருங்க? மெலிசா? அய்யோ, இந்த ரோட்டுக்கு அதப் போய் எவனாச்சும் போடுவானா? யாருங்க சொல்லிக் குடுத்தது? வீடியோவா?... கோயமுத்தூருக்காரரா?

ஓ.

இந்தாங்க டீச்சர், மோரு சித்த குடிங்க. நல்ல வெயிலு.

பதினொண்ணு இருவது. நீங்க ஒக்காந்திருங்க, நா சும்மா அந்தக் கம்பி பக்கம் நின்னுட்டு வர்றேன். காலு மரத்துப் போச்சு. நீங்களும் வர்றீங்களா? வாங்க. பாருங்க, அந்தக் கத்திரிக்கோல்காரரு கடியாரத்தையே பாத்துட்டு நிக்கறாரு. கடன்காரன் மாதிரி. அட, அது என்ன மஞ்சளு? அந்த வளைவுல? தலையக் குனிஞ்சுட்டு... அந்தக் கோழிக் காலு... அவருதானுங்க! அவருதான்! ஏனுங்க, மிதிங்க! இன்னும் ஏழு நிமிசம் இருக்குது, மிதிங்க! மோர இப்பிடிக் குடுங்க. போயிட்டாரு, கோட்டத் தாண்டிட்டாரு, பாத்தீங்களா? கத்திரிக்கோல பாக்கெட்டுல போட்டுட்டாரு பாருங்க அந்தாளு! நல்லா இருப்பாரு, மகராசன்.

இப்ப சைக்கிள நிறுத்திட்டு ஷூ மாத்திட்டு இந்த வழியாத்தான் ஓடி வருவாரு. ஒரு பஞ்சர் இல்லீங்க! முள்ளுக்காட்டுல தொண்ணூறு கிலோமீட்டர்! இனி அந்த மெலிசு டயரப் பத்திப் பெருமையாப் பேசுவாரு பாருங்க, ஊரு தாங்காது. பேசட்டும். நா மூச்சு உடமாட்டேன். சாகற வரைக்கும் இது எனக்கும் உங்களுக்கும் புள்ளையாருக்கும்தான் தெரியோணும். வர்றாரு, வர்றாரு. நிக்காதீங்க, ஓடுங்க! எதுக்கு நிக்கறாரு இந்த மனுசன்? என்னங்க?...

கேட்டீங்களா டீச்சர்? என்ன சொன்னாருன்னு கேட்டீங்களா? "முன்னாடி வீலுக்கு எழுவது போதும் புள்ள, எழுவத்தஞ்சு சித்த ஜாஸ்தி"ங்கறாரு!

எப்பத் தெரியும்னு கேட்டா, நேத்தே தெரியுமாமா. தேங்காய்ச் சில்லு ஏறுனதே தெரியுமாமா. மீட்டிங்கு அரை மணி நேரத்துல முடிஞ்சு போச்சாமா! லாட்ஜுக்கு எதுத்த டீக்கடையில ஒக்காந்து, மூணு டீயக் குடிச்சுட்டு, நா அந்த டயரோட மல்லுக்கட்டறத ஒண்ணரை மணி நேரம் பாத்துட்டு இருந்தாராமா. வந்து ஒரு கை புடிச்சா என்னங்கறேன். "நா தொட்டா நா பயந்துட்டேன்னு ஆயிரும் புள்ள. எழுவது பேருக்கு யாரு பதில் சொல்றது? நீ மாட்டுனா, எங்கூட்டுக்காரி மாட்டிப்போட்டான்னு சொல்லிக்கலாமல்ல"ங்கறாரு. சொல்லிட்டு சிரிப்பு வேற. டிக்கியில பவுடரு பூசி வெச்சதும் இவருதான். புள்ளையாரு இல்லை. பாத்தீங்களா, நீங்க அப்பவே சிரிச்சீங்க. உங்களுக்குத் தெரிஞ்சுருச்சு. எனக்கு மட்டுந்தான் தெரியலை.

கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டுச்சுங்களா? "நா மாட்டியிருந்தாக்கூட இத்தனை கச்சிதமா வந்திருக்காது புள்ள"ன்னுட்டு ஓடிட்டாரு. இருவத்தாறு வருசத்துல இட்லிக்குக் கூட இந்த ஆளு பாஸ் மார்க்கு போட்டதில்லீங்க. எனக்குச் சந்தோசமா இருக்குதுங்க டீச்சர், பொய் சொல்ல மாட்டேன். கோவமாவும் இருக்குது. நகம் பேந்து ரத்தம் வர்றப்ப அந்தாளு மூணாவது டீ குடிச்சுட்டு இருந்திருக்காரு.

இன்னும் இருபத்தொரு கிலோமீட்டரு ஓடோணும். வரட்டும், அவசரம் இல்லை. அந்தப் பைய எடுங்க சித்த. இந்தத் தேங்காயச் சாமிக்குன்னுதான் வாங்குனேன். இப்ப எங்க ஒடைக்கறதுன்னு யோசிச்சுட்டு இருக்கறேன்.